மந்திரத்துக்கு என்ன விலை?

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று சென்ற இதழில் போகிற போக்கில் கேட்டு வைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கில இளையோர் நாவல்களைப் பற்றியவை. மந்திர உலகம், காதல், எதிர்கால அறிவியல் என்ற மூன்றுக்குள் ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிட்டன. ஆகவே இம்மாதம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். திருக்குறள் உரைகளைப் பற்றிக் கேட்ட அன்பர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலருக்கு நான் படித்த ஆங்கில மந்திரக்கதை நாவல் ஒன்றைப் பற்றி விமர்சனம் எழுதினேன். “இது விமர்சனம் இல்லை, கதைச் சுருக்கம்” என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். கதையைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுவது எப்படி? என் கட்டுரையையும் இணைத்துள்ளேன். (படிவம் 4 மாணவி, பட்டர்வொர்த்)

பதில்: கட்டுரையை இருமுறை படித்தேன். இரண்டு பக்கங்களில் ஒன்றே முக்கால் பக்கம் கதை. எஞ்சிய நான்கு வரி, “மந்திரக் காட்சிகள் மிக அற்புதமாக வருணிக்கப்பட்டுள்ளன, இளைஞர்கள் அனைவரும் இந்நாவலைப் படித்துப் பயன்பெற வேண்டும்” என்ற வாழ்த்து. இதில் உங்களைக் குறை சொல்வதற்கில்லை. நாவல் என்றால் கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, படிப்பினை என்று பங்கு பிரித்து எழுத வேண்டும் எனப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தாம். இடைநிலைப்பள்ளியில் இருந்த காலமெல்லாம் நானும் அதைத்தான் செய்தேன்.

கதையைச் சொல்லாமல் எழுத வேண்டியதில்லை. நாவலின் முதல் கால்பங்கைத் தாண்டிச் சொல்லக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. அதற்கு எட்டு வரி போதும். யார் இறக்கிறார், யார் காட்டிக்கொடுக்கிறார், நாயகி யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பனவெல்லாம் இனிமேல் படிக்கப்போகிறவருக்குச் சேர வேண்டியவை. முடிவுதான் நாவலைக் கெடுத்துவிட்டது என்று நீங்கள் கருதினால், அந்த முடிவை வெளியிடாமலேயே, “கடைசி ஐம்பது பக்கங்களில் ஆசிரியர் தாம் வகுத்த விதியைத் தாமே மீறுகிறார்” என்று எழுதலாம். படித்தவருக்கு அது எந்த இடம் என்று புரிந்துவிடும், படிக்காதவருக்கு அது ஓர் எச்சரிக்கையாக நிற்கும்.

விதி என்றேன். மந்திரக் கதையை மதிப்பிடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்: இந்த உலகில் மந்திரத்தால் எது முடியும், எது முடியாது, அதைப் பயன்படுத்துகிறவர் என்ன விலை கொடுக்கிறார்? இதற்கு வெளிநாட்டு நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. மணிமேகலைக்குத் தெய்வம் மூன்று மந்திரங்களைக் கற்றுத் தருகிறது: வேற்றுருக் கொள்ளலாம், வான்வழியே செல்லலாம், பசியைத் தாங்கலாம். மூன்றே மூன்றுதான். தன்மீது காதல் கொண்டு தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் முதல் மந்திரத்தால் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அந்தப் பெண்ணின் கணவன் அவளைத் தன் மனைவியென்றே நம்பி, அவளிடம் நெருங்கி வரும் இளவரசனை வெட்டிவிடுகிறான். பாதுகாப்புக்காகப் பயன்படுத்திய மந்திரமே ஓர் உயிரைப் பறித்து, அவளைச் சிறைக்கும் அனுப்புகிறது. இளம்பெண் நாயகி, தீவு, மந்திரம், மறுக்கப்பட்ட காதல் என்று இன்றைய இளையோர் நாவலின் சரக்கெல்லாம் அதில் இருக்கிறது. கூடவே, எதுவும் இனாமாகக் கிடைக்காது என்ற கணக்கும் இருக்கிறது. (பிற்பகுதியில் அவள் வான்வழியே பறந்து போவது நம் பக்கத்துச் சாவக நாட்டுக்கு என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

அதே கண்ணோடு, அர்சுலா லெ குயின் 1968இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலைப் பாருங்கள். ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மீது ஆற்றல் உண்டு என்பது அங்கே விதி. கெட் என்ற மாணவன், சக மாணவனிடம் தன் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்ற செருக்கில் இறந்த ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். திறந்த வழியாக ஒரு நிழல் புகுந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது, அந்த வழியை மூட முயன்ற தலைமை மந்திரவாதி உயிரை இழக்கிறார். இது நாவலின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால் நான் எதையும் கெடுத்துவிடவில்லை. அந்த நிழலிடமிருந்து தப்புவதற்கான வழியும் பெயர் என்ற அதே விதிக்குள்தான் இருக்க வேண்டும் என்று வாசகர் அப்போதே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார். மந்திரத்தை வாசகர் எந்த அளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ அந்த அளவுக்குத்தான் அதைக் கொண்டு சிக்கலைத் தீர்ப்பது மனநிறைவு தரும் என்று பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

இனி உங்கள் வரிக்கு வருவோம். “மந்திரக் காட்சிகள் மிக அற்புதமாக வருணிக்கப்பட்டுள்ளன.” எந்தக் காட்சி? உங்கள் கதைச் சுருக்கத்தின் நடுவிலேயே அது ஒளிந்துகொண்டிருக்கிறது. நாயகி ஒவ்வொரு முறை நெருப்பை வரவழைக்கும்போதும் தன் சிறுவயது நினைவு ஒன்றை இழக்கிறாள் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். நகராமல் அங்கேயே நில்லுங்கள். “முதல் தடவை அவள் இழப்பது ஒரு தாலாட்டு; அதைப் படிக்கையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏழாவது தடவை தன் தம்பியின் பெயரை இழக்கிறாள். அதற்குப் பிறகு அவள் நெருப்பை அழைத்த ஒவ்வோர் இடத்திலும், வேண்டாம் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே படித்தேன்.” உங்கள் குறிப்புகளை வைத்தே நான் கோத்த வரிகள் இவை; ‘அற்புதம்’ என்ற சொல் இல்லாமலேயே அற்புதம் எது என்று காட்டிவிடுகின்றன. ‘பயன்பெற வேண்டும்’ என்பதை அடித்துவிடுங்கள். பதினாறு வயதில் யாரும் பயன்பெறுவதற்காக மந்திரக் கதை படிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்று லெ குயின் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் பல பதிப்புகளின் அட்டையில் அவன் வெள்ளையனாகவே வரையப்பட்டான், 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரே நடித்தார், ஆசிரியர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். நாயகன் எந்த நிறத்தில் இருப்பதாக நீங்கள் மனத்தில் வரைந்துகொண்டு படித்தீர்கள் என்பதும் விமர்சனத்தில் எழுதத் தக்க செய்தியே. உங்களைத் தவிர வேறு யாராலும் அதை எழுத முடியாது.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. வகுப்புத் தோழியிடமிருந்து தலையணை கனத்தில் நாவல்களை இரவல் வாங்கி வருகிறாள். அட்டையில் பூவும் கத்தியும் கிரீடமும்தான் இருக்கின்றன. ஆனால் ஒருநாள் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. இவையெல்லாம் பிள்ளைகளுக்கு உரியவைதாமா? பிடுங்கி வைத்துவிடவா? (ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா, பிடுங்கிய புத்தகத்தின் மீதிக் கதை எப்படியும் பள்ளிப் பேருந்தில் கிடைத்துவிடும். ஆனால் உங்கள் நடுக்கம் வீண் நடுக்கமும் அன்று.

இளையோர் நாவல் என்று பதிப்பகங்களும் நூலகங்களும் சொல்வது பொதுவாக 12 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு உரியதை. அப்படியொரு பிரிவு தனக்கென அலமாரி கேட்டு நிற்கத் தொடங்கியதற்குப் பலரும் அடையாளமாகக் காட்டுவது 1967இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற நாவலை; அதை எஸ். இ. ஹிண்டன் எழுதத் தொடங்கியபோது அவரே பதினைந்து வயது மாணவி. பின்னர், இவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் இருபதுகளிலும் இதே சுவையைத் தேடியதால், 2009 வாக்கில் ‘நியூ அடல்ட்’ என்ற புதிய பெயர் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. பதினெட்டைக் கடந்தவர்களுக்கான அவ்வகையில் காதல் காட்சிகள் திரை போட்டு மறைக்கப்படுவதில்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டு வகைக்கும் அட்டை ஒரே சாயலில் இருக்கிறது, பல கடைகளில் அலமாரியும் அடுத்தடுத்து இருக்கிறது. சாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015இல் இளையோர் நாவல் என்ற பெயரிலேயே வெளிவந்தது. 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கான நூலாக மறுபதிப்புச் செய்தார்கள். பதிப்பகத்துக்கே ஐந்து ஆண்டு பிடித்தது என்றால் தாய்மார்கள் குழம்புவதில் வியப்பில்லை.

பின்னட்டையில் பார்கோடுக்குப் பக்கத்தில் வயதுக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பதிப்பகங்களும் அச்சிடுவதில்லை, அச்சிட்டிருந்தால் அது நம்பத்தக்கது. இல்லாவிட்டால் முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து முப்பது பக்கம் நீங்களே படியுங்கள். அதைவிட முக்கியமாக, இளையோருக்கு உரியது என்றே முத்திரை குத்தப்பட்ட நாவலிலும் காதலன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பாருங்கள். உறங்கும் பெண்ணின் அறைக்குள் சொல்லாமல் நுழைவதையும், அவள் யாரோடு பேசலாம் என்று அவன் தீர்மானிப்பதையும் பேரன்பாகக் காட்டும் கதைகள் முத்தக் காட்சியே இல்லாமலும் நிறைய இருக்கின்றன. எனக்கு அவைதாம் கூடுதல் கவலை தருகின்றன. மகளிடம், “இப்படி ஒருவன் நம் அடுக்குமாடியில் குடியிருந்தால் நீ என்ன செய்வாய்?” என்று கேட்டுப் பாருங்கள். இதே கேள்வியைப் பதினைந்து வயதுப் பேத்தியிடம் நான் கேட்டேன். “தாத்தா, கதையில வந்தா பரவால்ல. நேர்ல வந்தா போலீசுக்குத்தான் போன் பண்ணுவேன்” என்றாள். அதன் பிறகு அவள் என்ன படிக்கிறாள் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை.

கேள்வி: இரத்தம் குடிக்கும் பேய்க்கும் பள்ளி மாணவிக்கும் காதல் என்று எழுதுவதெல்லாம் இலக்கியமா? (வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: பேயைக் குறை சொல்லாதீர்கள். காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றுக்கொண்டு பாடியதை நாம் பக்தி இலக்கியத்தின் உச்சத்தில் வைத்திருக்கிறோம். எழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கலாம். அந்த அளவுகோலில் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் நாவல் தேறாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான்.

கேள்வி: நான் கணினித் துறையில் பணிபுரிகிறேன். மலேசியத் தமிழ் மாணவர்களுக்காக அறிவியல் புனைவு ஒன்று எழுத ஆசை. ஆனால் படிக்க ஆள் இருக்கிறதா? விண்கலம், வேற்றுக்கிரகம் எல்லாம் கட்டாயம் வேண்டுமா? (இளைஞர், கெப்போங்)

பதில்: தம்பி, முதல் கேள்விக்குக் கசப்பான விடையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், அங்கே நம் பிள்ளைகள் தமிழில் படிப்பது ஆறாம் ஆண்டு வரைதான். பன்னிரண்டு வயது முடிந்ததும் மலாய்மொழி வழி இயங்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள், தமிழ் வாரத்தில் சில பாடவேளைகளுக்குச் சுருங்கிவிடுகிறது. இளையோர் நாவல் எந்த வயதில் தொடங்க வேண்டுமோ, சரியாக அந்த வயதில் தமிழ் வாசிப்பு அறுந்துபோகிறது. சிறுவர் கதையிலிருந்து நேரே பெரியவர்களின் நாவலுக்குத் தாவச் சொல்கிறோம். நடுவில் பாலம் இல்லை. 1950களில் சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் மாணவர் பகுதி, மாணவர் மணிமன்றம், அப்படியொரு பாலமாக இருந்தது. மலாயா, சிங்கப்பூர் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அதில் நடைபழகியது. படிக்க ஆள் இல்லை என்பதைவிட, அந்த வயதுக்கு எழுதுவார் இல்லை என்பதே என் கட்சி.

விண்கலம் கட்டாயமில்லை. உலகின் விதிகளில் ஒன்றை மாற்றுங்கள், பிறகு அந்த மாற்றம் யாரை எப்படித் தொடுகிறது என்று விடாமல் பின்தொடருங்கள். சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008இல் வெளிவந்தது. பிள்ளைகளைச் சாகும்வரை மோதவிடும் விளையாட்டு என்பது மட்டும் அந்த நாவலின் பலம் அன்று. பசிக்கிற குடும்பத்துப் பிள்ளை கூடுதல் தானியம் வாங்கிக்கொண்டால், குலுக்கல் குடத்தில் அதன் பெயரும் கூடுதலாக ஒரு தடவை சேரும் என்று ஒரு சின்ன விதியை ஆசிரியர் வைத்தாரே, அங்கேதான் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வயது நாயகியின் பெயர் 20 தடவை குடத்தில் கிடக்கிறது, அவள் தோழன் பெயர் 42 தடவை. அங்காடியில் கடன் எழுதும் தோட்டத்து வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உங்கள் ஊரிலேயே கதை கிடக்கிறது. கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் 2007இல் திறக்கப்பட்டது, 9.7 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் வண்டிகள் ஓடுகின்றன. பெருவெள்ளம் வரும்போது வண்டிகளை வெளியேற்றிக் கதவுகளை அடைத்துவிட்டு அதே வழியாக நீரை விடுகிறார்கள். மழை நிற்கவே நிற்காத ஓர் ஆண்டில், அந்தக் கதவை எப்போது மூடுவது என்று முடிவெடுக்கும் கணினியோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் செந்தூலைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பேச்சு சென்னைத் திரைப்படத் தமிழாக இருக்கக் கூடாது. காலையில் பசியாறுகிறவளாக, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் அம்மாவோடு நாசி லெமாக் கட்டுகிறவளாக, எல்ஆர்டி ரயிலைத் தவறவிட்டுவிட்டு மலாயிலும் தமிழிலும் மாறி மாறி முனகுகிறவளாக இருக்கட்டும். கருவியின் பெயர்களை நிறுத்தி நிறுத்தி விளக்காதீர்கள். பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: ஒரு நண்பர் தம் நாவலை எனக்கு இலவசமாக அனுப்பி, விமர்சனம் எழுதித் தரும்படி கேட்கிறார். நாவல் சுமார்தான். என்ன செய்வது? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: இலவசப் படி என்பதையும் எழுதியவர் நண்பர் என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்களால் முடியாது என்றால் எழுதாமல் இருப்பதே மேல். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரின் நூலைத் தாட்சணியத்துக்காக வானளாவப் புகழ்ந்து எழுதினேன். அதை நம்பிக் கைக்காசில் நூலை வாங்கிய என் மாணவன் ஒருவன், ஒரு வாரம் கழித்து ஆசிரியர் அறைக்கு வந்து, “சார், நீங்க நெஜமாவே இத முழுசா படிச்சீங்களா?” என்று பணிவாகக் கேட்டான். நான் படித்திருந்தது பாதி.

கேள்வி: புதிய ஆங்கில நாவல் ஒன்று 50, 60 ரிங்கிட் ஆகிறது. மாணவர்களுக்கு மலிவாக எங்கே கிடைக்கும்? மலேசியக் கதை ஏதேனும் உண்டா? (கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்)

பதில்: உங்கள் ஊர்ச் சௌராஸ்தா சந்தையின் மாடிக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளைத் துழாவுங்கள், தொடர் நாவல்களின் இரண்டாம் பாகம் முதலில் அகப்படும், அதற்கு நான் பொறுப்பல்ல. மலேசியக் கதை என்றால் ஹன்னா அல்காஃப் எழுதிய ‘தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’ (2019). 1969 மே 13 இனக் கலவரத்தில் தாயைப் பிரிந்த பதினாறு வயது மலாய்ப் பெண், தன் தலைக்குள் ஜின் என்ற ஆவி ஒன்று குடியிருப்பதாக நம்பிக்கொண்டு கோலாலம்பூர்த் தெருக்களில் தாயைத் தேடுகிறாள். வன்முறையும் மனநோயும் வருகின்றன என்று ஆசிரியரே முன்பக்கத்தில் எச்சரித்துவிடுகிறார். உங்கள் பினாங்கிலேயே நடப்பது வேண்டுமானால் ஸென் சோவின் ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ (2021): அமெரிக்காவிலிருந்து திரும்பிய சீனப் பெண்ணின் காதில் இறந்துபோன பாட்டி பேசத் தொடங்குகிறாள். அது பெரியவர்களுக்கான நாவல். கல்லூரி மாணவர் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன், தம்பி தங்கைகளிடம் உடனே தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

கேள்வி: ஃபேன்டஸி என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? கதாபாத்திரங்களின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ்ப்படுத்தலாமா? (தமிழாசிரியை, பிறை)

பதில்: மிகைபுனைவு என்ற சொல் வேரூன்றி வருகிறது, அறிவியல் புனைவு ஏற்கெனவே ஊன்றிவிட்டது. மாணவர்கள் ஃபேன்டஸி என்றே எழுதினாலும் நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். பெயர்களைத் தமிழ்ப்படுத்தாமல், ஒலியைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மேலே கெட் என்று எழுதினேன் அல்லவா? அதன் முதலெழுத்தை ‘கங்கை’யின் முதலெழுத்தைப்போல் ஒலிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம், ஆனால் நம் எழுத்தில் அது ‘கெட்ட பையன்’ என்பதன் பாதிபோலத் தோன்றுகிறது. அச்சுக்கோப்பவர் உண்மையிலேயே அதைப் பிழையென்று நினைத்து ‘கெட்டவன்’ என்று திருத்தி அனுப்பியிருந்தார். மெய்ப்புப் பார்க்கையில் கண்டுபிடித்துவிட்டேன்.